மூன்று கட்டம்

சங்ககிரி ரோட்டுப் பட்டறையில்
ரிக் வண்டிகள் கம்பத்தை மடக்கிப் படுத்திருக்கும்.
அதற்கு மேலே ஏசி வைத்த ஒரே அறை எனக்கு.
அர்த்தநாரி சொன்னார்:
"இருவத்திமூணு வருச பில்லுங்க.
லட்சத்துச் சொச்சம் குழி.
தண்ணி எங்க இருக்குதுன்னு
இதுக்குள்ளயே இருக்கோணும். எடுத்துக் குடுங்க."

முதல் வாரம் முழுக்க ஊர்ப்பெயரைக் கழுவினேன்.
வெள்ளகோவில், வெள்ளக்கோயில், வி.கோவில்,
ஒரே ஊர் பதினொரு வேஷத்தில்.
நீர் என்ற பத்தியில் ஒருவர் "வந்துது",
ஒருவர் "சுமார்",
ஒருவர் "சாமி புண்ணியம்".
சாமி புண்ணியத்துக்கு
எத்தனை அங்குலம் என்று வைப்பது?

அப்புறம் அது பேச ஆரம்பித்தது.
காங்கேயத்துக்குத் தெற்கே
ஒருவர் குழி போட்டால் நாற்பது நாளுக்குள்
வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு பில்.
இனிஷியல் மட்டும் வேறு.
ஆழம் மட்டும் முப்பதடி கூட.
பங்காளிச் சண்டைக்கு
இப்படியொரு சூத்திரம் கிடைக்குமென்று
எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

தேங்காயைக் கையில் நிறுத்திப் பார்த்த இடத்தில்
நூற்றுக்கு அறுபத்தொன்று ஈரம்.
மீட்டர் வைத்துப் பார்த்த இடத்தில் அறுபத்திரண்டு.
"அந்த ஒண்ணுக்குத்தானுங்களா
மூவாயிரம் வாங்கறான்?" என்று சிரித்தவர்
கதவைச் சாத்திவிட்டு
இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார்.
மீட்டர்க்காரர் அவர் மச்சினன்.

மூன்றாவது படத்துக்கு எழுந்தே நின்றுவிட்டார்.
வருடம் போகப்போக இறங்கும் கோடு:
இருநூற்றெழுபது, நானூற்றுப் பத்து,
அறுநூற்றைம்பது, எண்ணூற்றுச் சில்லறை...
பிறகு ஏழு வருடம்
சிமெண்டுக் களம் போலச் சமம்.
மூலனூர், அன்னூர், பல்லடம்,
எங்கே தொட்டாலும் ஒரே தட்டு.
"எறங்கறது நின்னுபோச்சுங்களா?"
குரல் பாதிதான் வந்தது.
ஆள் விட்டு எல்லோருக்கும் இளநீர் வாங்கினார்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது அடி.
ராத்திரி அந்த எண் என்னைத் தூங்கவிடவில்லை.
பூமிக்கு ஒன்பதின் மேல்
அத்தனை பிரியம் எதற்கு?
பாறை எங்காவது பள்ளிக்கூடம் போனதா,
இவ்வளவு ஒழுங்காக எண்ண?

காலையில் கீழே
பில் போடும் தெய்வாத்தாளிடம் போனேன்.
திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:
"மூணு கட்டந்தானுங் மேடம் அதுல.
ஆயரம்னு அடிச்சாச் செவப்பாக் கத்தும்.
ஏத்துக்கற பெரிய நெம்பரு இதுதானுங்.
வெளிய டிரைவரு பில்லுக்கு நிக்கறாரு,
நான் என்னுங் பண்ணட்டும்?"
அப்போது நிஜ ஆழம்?
"தொகை நெசமுங்.
தொகையில போயிப் பொய் எழுதுவாங்களா?"

தொகையை எடுத்தேன்.
கேசிங் குழாயைக் கழித்தேன்.
டீசல் ஏறிய தேதிகளைத் தேடித் தேடி
அந்தந்த மாதத்து அடிவிலையால் வகுத்தேன்.
ஆயிரத்து எண்பது.
ஆயிரத்து இருநூற்று நாற்பது.
ஊத்துக்குளிப் பக்கம் ஒரு குழி ஆயிரத்து ஐந்நூறு,
நீர்ப் பத்தியில் வெறும் கோடு.
சமமாகக் கிடந்த களம் உடைந்து
திரையின் அடி விளிம்புக்குக் கீழே போயிற்று.
அச்சை நீட்டினேன்.
இன்னொரு தரம் நீட்டினேன்.

அர்த்தநாரி வெகுநேரம் பார்த்தார்.
நேற்றைய இளநீர்க் கூடுகள்
இன்னும் ஜன்னலோரம் கிடந்தன, எறும்பேறி.
"கட்டத்த நாலாக்க எவ்வளவு நேரமாகுமுங்க?"
அரை நாள், என்றேன்.
படிவரை போனவர் திரும்பினார்.
"அஞ்சாவே வெச்சுருங்க."

கீழே ஒரு வண்டி உறுமிக்கொண்டு நின்றது.
தெய்வாத்தாள் அதுவரைக்கும்
ஒன்பது, ஒன்பது, ஒன்பது
அடித்துக்கொண்டிருந்தார்.